ஆளில்லாத முகப்புகள்

பழைய படத் தபால் அட்டைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் நம்மிடையே இரண்டு தரப்பு. ஒரு தரப்புக்கு அவை தின்பண்டம். ஆகஸ்ட் மாதம் வந்தால் 'அந்தக் காலத்து மதராஸ்' என்று ஹோட்டல் வரவேற்பறைகளிலும் காப்பிக் கடைகளிலும் பெரிதாக்கி மாட்டிவிடுகிறார்கள். டிராம் வண்டியையும் காலியான மவுண்ட் ரோட்டையும் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டு, காப்பிக்குக் கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறோம். இன்னொரு தரப்புக்கு அவை வழக்கில் தாக்கல் செய்யவேண்டிய தஸ்தாவேஜுகள். காலனி அரசு தன் அதிகாரத்தைப் படம் பிடித்து விற்றது, விஷயம் அவ்வளவுதான் என்று ஒரே வாக்கியத்தில் கட்டி மூலையில் வைத்துவிடுகிறார்கள். இரண்டு தரப்பாரும் அட்டையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்ததில்லை என்பது என் சந்தேகம்.

பன்னிரண்டு வருஷங்களாக நான் இவற்றைச் சேர்த்துவருகிறேன். எல்லாவற்றையும் அல்ல. சென்னையின் அரசாங்கக் கட்டிடங்கள் மட்டும். உயர்நீதிமன்றம், ஜெனரல் போஸ்ட் ஆபீஸ், சேப்பாக்கத்து ரெவின்யூ போர்டு, செனட் ஹவுஸ், கவர்னர் மாளிகை, விருந்து மண்டபம், கோட்டை. நகராட்சிக் கட்டிடமான ரிப்பன் மாளிகையையும் கொஞ்சம் தாராளமாக இந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். வங்கிக் குமாஸ்தாவின் சம்பளத்துக்கு (பதவிக்கு இப்போது வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், வேலை குமாஸ்தா வேலைதான்) எல்லை ஒன்று அவசியம் என்பது முதல் காரணம். இரண்டாவது காரணம் இந்தக் கட்டுரை.

கோயில், நாட்டியக்காரி, பாம்பாட்டி, 'தமிழ்ப் பிராமணன்', 'வண்ணாத்தி' என்றெல்லாம் தலைப்பிட்ட அட்டைகளுக்குச் சந்தையில் மவுசு அதிகம். அவற்றைப் பற்றிச் சொல்லவேண்டியதில் பெரும்பகுதி சொல்லப்பட்டுவிட்டது. அல்ஜீரியக் கவிஞர் மாலெக் அலூலா 1981இல் பாரிஸில் வெளியிட்ட நூல், பிரெஞ்சுக்காரர்கள் அனுப்பிக்கொண்ட அல்ஜீரியப் பெண்களின் அட்டைகளை எடுத்து, அந்தப் படங்களில் இருப்பது படம் எடுத்தவனின் ஆசையே என்று காட்டியது. 1986இல் ஆங்கிலத்தில் வந்த பிறகு அதை அடியொற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். ஆனால் மனிதரைப் பிடித்த அட்டையில் கேட்கும் கேள்வியைக் கட்டிடத்தைப் பிடித்த அட்டையில் கேட்க முடியாது. கட்டிடத்துக்குக் கூச்சம் கிடையாது. யாரும் அதன் முகத்திரையை விலக்கவில்லை. பார்க்கப்படுவதற்காகவே கட்டப்பட்டது, பார்க்கப்படுகிறது. அதனால் இந்த அட்டைகள் அப்பாவிகள் போல் தோன்றி விமர்சகர்களிடமிருந்து தப்பித்துவிட்டன. ஒமர் கான் 2018இல் கொண்டுவந்த பெரிய புத்தகமும், அதே வருஷம் லண்டனில் மதராஸ், பெங்களூர் அட்டைகளுக்காக நடந்த கண்காட்சியும் பதிப்பாளர்கள், புகைப்படக்காரர்கள் பற்றிய தகவல்களை ஒழுங்குபடுத்தித் தந்திருக்கின்றன. அது பெரிய உபகாரம். என் அக்கறை வேறு. இந்த அட்டைகளின் உருவத்தில் வர்ணனை பற்றிய ஒரு பாடம் இருக்கிறது என்றும், தமிழ் உரைநடைக்கு அது இப்போது தேவைப்படுகிறது என்றும் எனக்குப் படுகிறது.

முதலில் கொஞ்சம் சரித்திரம். வெறும் தபால் அட்டை 1869 அக்டோபரில் ஆஸ்திரிய-ஹங்கேரியில் பிறந்தது. இந்தியாவுக்கு 1879இல் காலணா அட்டையாக வந்தது. தனியார் அச்சிட்ட படத்தோடு அனுப்பலாம் என்று பிரிட்டிஷ் தபால் இலாகா 1894இல் அனுமதித்தது. ஆனால் ஒரு நிபந்தனை: ஒரு பக்கம் முழுவதும் முகவரிக்கே. சேதி எழுதவேண்டுமானால் படம் இருக்கும் பக்கத்தில்தான் எழுதவேண்டும். ஆகவே அந்த வருஷங்களின் அட்டைகளில் படம் சிறியது. ஒரு மூலையிலோ மேல்பாதியிலோ ஒதுங்கியிருக்கும். மீதி வெள்ளை. அந்த வெள்ளை போதாமல் எழுத்து கும்பங்களைச் சுற்றி வளைந்து ஏறும், மரக்கிளைகளுக்குள் புகும், ஆகாயத்தில் கையெழுத்தாக முடியும். 1902இல் பிரிட்டனில் முகவரிப் பக்கத்தை நடுவில் ஒரு கோடு போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். இடப்பக்கம் சேதி, வலப்பக்கம் முகவரி. பிரான்ஸ் 1904இல் பின்பற்றியது, ஜெர்மனி 1905இல், அமெரிக்கா 1907இல். நம் ஊர் அட்டைகளிலும் அந்தக் கோடு இதே காலத்தில் வந்துவிடுகிறது. சேகரிப்பவர்களுக்கு இது அட்டையின் வயதைக் கண்டுபிடிக்க ஒரு உபாயம், அத்தோடு சரி. எனக்கோ இந்தக் கோடு ஒரு முக்கியமான சம்பவம். இதற்குப் பிறகு மனிதனின் கையெழுத்து படத்திலிருந்து வெளியேற்றப்படுகிறது. படம் விளிம்புவரை பரவி முழு முகத்தையும் எடுத்துக்கொள்கிறது. கட்டிடமும் அதைப் பற்றி (அல்லது அதைப் பற்றி அல்லாமல்) ஒருவன் சொன்னதும் ஒரே பரப்பில் இருந்த நிலை போய், ஒன்றின் முதுகில் மற்றொன்று என்றாகிவிடுகிறது.

எது முதுகு என்பதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. நாம் படத்தை முன்பக்கம் என்கிறோம். தபால்காரனுக்கு முகவரி இருக்கும் பக்கம்தான் முன்பக்கம். அவனைப் பொறுத்தவரை உயர்நீதிமன்றமும் கோட்டையும் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தவை.

சென்னையில் இவற்றை வெளியிட்டவர்களில் முதலில் சொல்லவேண்டியவர்கள் 1844இல் தொடங்கிய ஹிக்கின்பாதம்ஸ். பிறகு வீல் அண்ட் க்ளைன் என்ற புகைப்பட நிலையம். லண்டனிலிருந்து ராபேல் டக் கம்பெனி 1903 முதல் 'ஆயிலெட்' என்று எண்ணெய்ச் சித்திரம் போன்ற பாவனையில் அச்சிட்டு அனுப்பியது. எனக்கு டக் அட்டைகள் பிடிக்காது. ஆகாயம் எப்போதும் அஸ்தமன நிறத்தில் இருக்கும். சென்னை வெயிலைச் சகிக்காத யாரோ ஒருவருடைய ஆகாயம். (அந்தக் கம்பெனியின் லண்டன் கட்டிடம் 1940 டிசம்பர் 29ஆம் தேதி குண்டுவீச்சில் எரிந்து மூலச்சித்திரங்களும் தஸ்தாவேஜுகளும் போயின. ரசனையை முன்னிட்டு இதில் திருப்திப்பட முடியாது.) மற்ற அட்டைகளில் பலவற்றின் விளிம்பில், ஜெர்மனியில் அச்சானது, சாக்ஸனியில் அச்சானது என்று பொடி எழுத்தில் இருக்கும். சென்னையில் கறுப்பு வெள்ளையில் எடுத்த படம் கப்பலேறிப் போய், சென்னையைக் கண்டிராத தொழிலாளி கையால் நிறம் பெற்றுத் திரும்பி வந்தது. என்னிடம் உயர்நீதிமன்றத்தின் ஒரே படம் மூன்று அச்சுகளில் இருக்கிறது. ஒன்றில் கட்டிடம் செங்கல் சிவப்பு, இன்னொன்றில் ரோஜா நிறம், மூன்றாவதில் களிமண். ரோஜா நிற அட்டையில் வாசலருகே ஒரு ஆள் நிற்கிறான். சிவப்பு அட்டையில் அவன் நின்ற இடத்தில் புல். அவனை அழித்தது யார், ஏன் என்பதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இருக்கவேண்டியதில்லை. பச்சை வண்ணம் போடும்போது தூரிகைக்கு இடைஞ்சலாக இருந்திருப்பான்.

இந்த இடத்தில் வங்கி வேலை உதவுகிறது. நோட்டையும் கையெழுத்தையும் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்துப் பழகிய கண், மறு அச்சை உடனே காட்டிக்கொடுத்துவிடும். பழைய கொலோடைப் அச்சில் நிறம் ஒழுங்கற்ற சுருக்கங்களாக, காய்ந்த ஏரியின் வெடிப்பைப் போலப் பரவியிருக்கும். சாதாரண அச்சில் வரிசை பிசகாத புள்ளிகள். புள்ளிகள் தெரிந்தால் எல்லாமே போலி என்று அர்த்தமில்லை, அந்தக் காலத்திலும் புள்ளி அச்சு உண்டு. ஆனால் கொலோடைப் என்று சொல்லி ஒருவர் புள்ளிகளை விற்றால் எழுந்து வந்துவிடலாம்.

சரி, படத்துக்கு வருவோம். அரசாங்கக் கட்டிட அட்டைகளின் பொதுத்தன்மை வெறுமை. காலை நேரம்; நீளமான நிழல்கள்; கட்டிடத்தின் முழு நீளமும் சட்டத்துக்குள் அடங்கும் தூரம்; ஆட்கள் இல்லை, அல்லது அளவு காட்ட ஒருவன், ஒரு ஜட்கா. ஆரம்பகாலப் புகைப்படக் கருவிகளின் வேகக்குறைவால் நடமாடும் மனிதர்கள் பதியவில்லை என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். 1850களுக்கு அது பொருந்தும். 1900இல் உலர்தகடுகள் வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. கடைத்தெரு அட்டைகளில், அதே நிலையம் அதே வருஷங்களில் எடுத்தவற்றில், ஜனங்கள் நெரிகிறார்கள். ஆகவே அரசாங்கக் கட்டிடத்தின் முன் ஆளில்லாமை தேர்ந்தெடுத்துக்கொண்டது. மனுப் போடுகிறவன், வக்கீல் குமாஸ்தா, சேவகன், முத்திரைத்தாள் விற்பவன், மோர் விற்பவள் எல்லாரும் வருவதற்கு முன்னால் எடுத்த படம். கட்டிடம் தன்னைப் பற்றி என்ன அபிப்பிராயம் வைத்திருக்கிறதோ அது.

அந்த அபிப்பிராயத்தைக் கீழே உள்ள தலைப்பு ஊர்ஜிதம் செய்கிறது. தலைப்பு மூன்று நான்கு வார்த்தைகள்தான். சேப்பாக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1768இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவுக்குக் கட்டிய அரண்மனை. 1855இல் கடைசி நவாப் குலாம் கௌஸ் கான் வாரிசில்லாமல் இறந்ததும் பட்டம் ஒழிக்கப்பட்டது. 1859இல் அரசாங்கமே அரண்மனையை வாங்கிக்கொண்டது. ராபர்ட் சிஷோம் என்ற கட்டிடக் கலைஞர் அதன் இரண்டு மஹால்களுக்கு நடுவில் ஒரு கோபுரத்தை எழுப்பி, கூடவே அதே பாணியில் ரெவின்யூ போர்டுக்குக் கட்டிடம் சேர்த்தார். பழையதையும் புதியதையும் பிரித்தறிய முடியாதபடி சேர்த்ததில்தான் அவர் திறமை. அங்கே பழகியபின் அவர் எழுப்பிய செனட் ஹவுஸும் (1879) அந்த ரத்த சம்பந்தம் உள்ளதே. அட்டையின் தலைப்பு: 'ரெவின்யூ போர்டு ஆபீஸ், மதராஸ்.' நவாப் இல்லை. அவன் கடன் இல்லை, அவனுக்குக் கடன் கொடுத்துக் கொழுத்த கம்பெனி ஆட்கள் இல்லை. நிலவரி ஆபீஸ் ஆதியிலிருந்தே கும்பங்களோடும் வளைவுகளோடும் கடற்கரையில் முளைத்துக் கிடந்தது போல இருக்கிறது. இந்தோ-சாரசனிக் பாணியைப் பற்றி நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுதப்பட்டிருக்கின்றன: ஆள்பவன் ஆளப்பட்டவனின் உடையை எடுத்துப் போட்டுக்கொண்டது என்று. சேப்பாக்கத்தில் உடையை மட்டுமா எடுத்தார்கள்? அந்த அட்டையின் தலைப்பு இந்த விஷயத்தை நூறு பக்கங்களைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறது, சொல்கிறோம் என்ற பிரக்ஞையே இல்லாமல். (2012 ஜனவரியில் கலச மஹால் எரிந்தபோது பத்திரிகைகள் எல்லாம் ஒரே நாளில் நவாபை ஞாபகப்படுத்திக்கொண்டன.)

ரிப்பன் மாளிகை அட்டையும் அப்படியே. 1913இல் ஹார்டிஞ்ச் பிரபு திறந்துவைத்தார். வைஸ்ராயின் பெயர் கட்டிடத்துக்கு; அந்த வைஸ்ராய் நல்லவர் என்றே வைத்துக்கொள்வோம். ஹாரிஸ் வரைந்த திட்டத்தின்படி ஏழரை லட்ச ரூபாய் செலவில் அதைக் கட்டியெழுப்பிய லோகநாத முதலியாரின் பெயரை அட்டையில் பார்த்ததில்லை. பார்க்க எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஒரு அங்குல இடத்தில் எத்தனை பேரை ஏற்றுவது.

இப்போது திருப்பிப் பார்க்கலாம்.

என்னிடம் உள்ளவற்றில் எழுதி அனுப்பப்பட்டவை பாதிக்கும் குறைவு. அதிலும் பெரும்பகுதி சீமைக்குப் போனவை. அங்கே அலமாரியில் பத்திரமாக இருந்து, வீட்டுக் கிழவி செத்தபின் ஏலத்துக்கு வந்து, பவுனில் விலை கேட்டு எனக்குத் திரும்பி வந்தவை. இங்கேயே தங்கியவற்றைக் கரையானும் ஈரமும் தின்றுவிட்டன. ஆகவே சேகரிப்பவன் கையில் இருப்பது, அனுப்பியவர்களில் ஒரு சாராருடைய குரல். இதைக் கணக்கில் வைத்துக்கொண்டே மேலே படிக்கவேண்டும்.

சீமைக்குப் போன அட்டைகளில் சிலவற்றில், படத்தில் ஒரு ஜன்னல் மேல் மையால் பெருக்கல் குறி போட்டிருக்கும். பின்னால் விளக்கம்: இதுதான் என் அறை, இங்கேதான் உட்கார்ந்து வேலை செய்கிறேன். போஸ்ட் ஆபீஸ் அட்டை ஒன்றில் (1884இல் முடிந்த, கடற்கரைச் சாலைக் கட்டிடம்) இந்தக் குறி மேல்மாடியில் இருக்கிறது. சேதி வெயிலைப் பற்றி. பங்கா இழுப்பவன் தூங்கிவிடுகிறான் என்று ஒரு புகார். குறி போட்டவனுக்குக் கட்டிடம் சொந்தம். அந்தப் பெருக்கல் குறி இருக்கும் அட்டைகளில் மட்டும்தான் கோடு போட்டுப் பிரித்த இரண்டு பக்கங்களும் மறுபடி ஒன்றையொன்று பார்க்கின்றன.

தமிழில் எழுதப்பட்ட அட்டைகள் என்னிடம் ஒன்பதுதான். அவற்றில் ஒன்று உயர்நீதிமன்றம், அந்தச் சிவப்பு அச்சு. 1913ஆம் வருஷ முத்திரை, மூன்று பை தபால்தலை. தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு கிராமத்துக்குத் தமையன் தம்பிக்கு எழுதியது. க்ஷேமம் விசாரித்து ஆரம்பிக்கிறது. அப்பீல் ஒத்திப்போடப்பட்டிருக்கிறது, வக்கீலின் குமாஸ்தா மேற்கொண்டு பணம் கேட்கிறான், நெல்லை அவசரப்பட்டு விற்கவேண்டாம், விலை ஏறும், தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, வயிறு சரியில்லை, தாயாரிடம் வயிற்று விஷயத்தைச் சொல்லவேண்டாம். இவ்வளவுதான். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. வாசலில் விற்றான், வாங்கினார், எழுதினார். 1892 ஜூலையில் திறந்த அந்தக் கட்டிடத்தில், பிராசிங்டன் வரைந்து ஹென்றி இர்வின் முடித்த அந்தக் கும்பங்களுக்கும் நெளிவேலைகளுக்கும் கீழே அவர் எத்தனை நாள் காத்துக்கொண்டிருந்தாரோ. உச்சியில் கப்பல்களுக்கு விளக்கு எரிந்தது. 1894 முதல் 1977 வரை சென்னைக் கலங்கரை விளக்கம் அந்தக் கோபுரத்தில்தான் இருந்தது. கிராமத்திலிருந்து வந்தவர் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ளக்கூடிய விஷயம். சொல்லவில்லை.

இந்த அட்டையை நண்பர்கள் சிலரிடம் காட்டியிருக்கிறேன். 'பாவம், பார்க்கத் தெரியாதவர்' என்றார் ஒருவர். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. அந்தக் கட்டிடத்தைப் பற்றி எனக்கு இதுவரை கிடைத்த வர்ணனைகளில் இதுவே சரியானது. ஒத்திப்போடுதல், குமாஸ்தாவின் கை, நெல் விலை, வயிற்றுவலி. உயர்நீதிமன்றம் என்பது இவை சேர்ந்த ஒரு வஸ்து. சிவப்புச் செங்கல் அதன் மேல்தோல்.

புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதை பிராட்வேயும் எஸ்பிளனேடும் சேரும் முனையில் ஆரம்பிக்கிறது என்பது இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். கண் எதிரே உயர்நீதிமன்றம். பட அட்டைக்காரன் வந்து முக்காலியை ஊன்றக்கூடிய இடம். பிள்ளை அங்கே நின்று கட்டிடத்தை ரசிக்கவில்லை. கையில் இருக்கும் சில்லறைக்கு டிராமா, வெற்றிலை பாக்கா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். அந்தச் சில்லறைக் கணக்கில் அந்த முனையும் அந்த வருஷங்களின் சென்னையும் முழுசாக வந்துவிடுகின்றன. 1913இன் தமையனும் கந்தசாமிப் பிள்ளையும் ஒரே ஊர்க்காரர்கள் என்று சொல்லலாம்.

இங்குதான் நம் காலத்து நாவல்கள் பற்றி ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. சமீப வருஷங்களில் பழைய சென்னையைக் களமாகக் கொண்டு நாவல்கள் நிறைய வருகின்றன. ஆராய்ச்சி செய்து எழுதியவை என்று முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார்கள். படித்தால் ஆராய்ச்சி செய்தது எங்கே என்று தெரிந்துவிடுகிறது: இந்த அட்டைகளின் படப் பக்கத்தில். பாத்திரம் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு முகப்பு எழுந்து நிற்கிறது. தூண்கள் எண்ணப்படுகின்றன. கட்டியவன் பெயரும் வருஷமும் பாத்திரத்தின் மனசில் ஓடுகின்றன. காலை வெயில், நீண்ட நிழல், ஒரே ஒரு ஜட்கா. ஒருவன் மனுப் போட வந்திருக்கிறான் என்பார்கள். மனுவுக்கு என்ன ஸ்டாம்பு ஒட்டினான், யார் எழுதிக்கொடுத்தது, எத்தனை நாள் எங்கே படுத்துக்கொண்டான் என்பது வராது. அட்டையில் அது இல்லையே. 1905இல் ஒரு புகைப்பட நிலையம் அரசாங்கத்தின் கண்ணால் பார்த்ததை, நூறு வருஷம் கழித்து நாம் 'சரித்திர உணர்வு' என்ற பெயரில் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறோம். பரிசும் கொடுத்துக்கொள்கிறோம்.

இதைச் சொன்னதும் எதிர்க்கட்சி நண்பர், நல்ல கவிஞர், உற்சாகமாகிவிட்டார். "அப்புறம் எஜமான் வீட்டுக் கல்யாண ஆல்பத்தை நீ ஏன்யா சுமந்துக்கிட்டுத் திரியறே? தூக்கிப்போடு" என்றார். இந்த அவசரத்துக்கும் நான் உடன்படுவதற்கில்லை. படப் பக்கம் மட்டமானது என்று நான் சொல்லவில்லை. அதைப் போலச் செய்வதுதான் மட்டம்.

வாக்கர் எவன்ஸ் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் சிறுவயது முதல் படத் தபால் அட்டைகள் சேர்த்தார். சுமார் 9,000 அட்டைகள், இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இருக்கின்றன. சின்ன ஊர்களின் கடைத்தெரு, ரயில் நிலையம், கச்சேரிக் கட்டிடம். 1948இல் ஒரு வியாபாரப் பத்திரிகையில் அவற்றைப் போட்டு எழுதினார், 1964இல் யேல் சர்வகலாசாலையில் அவற்றைக் காட்டிப் பேசினார். பெயர் தெரியாத அட்டைக்காரன் கலை பண்ணுகிறோம் என்ற நினைப்பில்லாமல் நேராக நின்று எடுத்த படத்தில் அவர் கண்டது ஒரு கட்டுப்பாடு. பொருளுக்கும் தனக்கும் நடுவே தன் மனோபாவத்தைக் கொண்டுவந்து நிறுத்தாமை. அவருடைய சொந்தப் படங்களில் அந்தக் கட்டுப்பாடு என்னவாயிற்று என்பது தெரிந்ததே. நம் அட்டைகளிலும் அது கொஞ்சம் உண்டு. டக் கம்பெனியின் அஸ்தமனங்களில் கிடையாது. ஹிக்கின்பாதம்ஸின் நிறம் பூசாத கறுப்பு வெள்ளை அட்டைகளில் உண்டு. அந்த நேர்மையால்தான் வெறுமை வெறுமையாகவே பதிவாகியிருக்கிறது.

என்னிடம் உள்ள விருந்து மண்டப அட்டையை எடுத்துக்கொள்கிறேன். கிளைவின் மகனான கவர்னருக்காக ஜான் கோல்டிங்ஹாம் 1802இல் கட்டியது. பிளாசியையும் ஸ்ரீரங்கப்பட்டணத்தையும் ஜெயித்ததற்கு ஞாபகமாக. கிரேக்கக் கோயில் பாணியில் மேடான தளம், அதற்கு ஏறிப்போகும் அகலமான படிக்கட்டு. அட்டையில் படிக்கட்டு சுத்தமாகக் காலி. ஒரு நாய்கூட இல்லை. இதே படிக்கட்டைத்தான் 1948க்குப் பிறகு ராஜாஜி மண்டபம் என்ற பெயரில் நமக்குத் தெரியும். 1969இல் அண்ணாதுரை, 1987இல் எம்.ஜி.ஆர்., 2016இல் ஜெயலலிதா, 2018இல் கருணாநிதி. தமிழ்நாட்டில் கண்ணுள்ள எவனும் அந்தப் படிகளை ஜனங்கள் இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியாது. திப்புவைத் தோற்கடித்த கொண்டாட்டத்துக்குக் கட்டிய மேடையை இறந்த தலைவர்களைக் கிடத்தும் இடமாக நாம் மாற்றிக்கொண்டது திட்டமிட்டு நடந்ததல்ல. மேடு உயரமாக இருந்தது, படி அகலமாக இருந்தது, கூட்டம் கீழே நின்று பார்க்க வசதி. ஆனால் அந்த மாற்றத்தின் அளவு எனக்குத் தெரியவந்தது இந்த அட்டையால்தான். அட்டையில் ஆளில்லாமல் இருந்ததால்தான். அந்த வெறுமையை ஒரு நாவலாசிரியன் ஜட்காவையும் காலை வெயிலையும் போட்டு நிரப்பினால் எனக்கு ஒன்றும் கிடைக்காது.

பக்கத்திலேயே இருந்த கவர்னர் மாளிகை அட்டையில் மட்டும்தான் இப்போது இருக்கிறது. 1753இல் ஒரு போர்த்துகீசிய வியாபாரியின் விதவையிடமிருந்து கம்பெனி வாங்கிய வீடு, விரிந்து விரிந்து மாளிகையானது. புதிய தலைமைச் செயலகத்துக்காக இடிக்கப்பட்டது. அந்தப் புதிய கட்டிடம் 2010 மார்ச்சில் திறக்கப்பட்டபோது அதன் கும்பம் முடிந்திருக்கவில்லை. திறப்பு விழாவுக்காகத் திரைப்படக் கலை இயக்குநர் தோட்டா தரணி தற்காலிகமாக ஒரு கும்பத்தை அமைத்துக்கொடுத்தார். மறுநாள் பத்திரிகைப் படங்களில் கும்பம் இருந்தது. 2011இல் சட்டசபை கோட்டைக்கே திரும்பிப் போயிற்று. 2014இல் அந்தக் கட்டிடம் ஆஸ்பத்திரியானது. சாக்ஸனித் தொழிலாளி புல்லுக்கு அடியில் ஆளை மறைத்ததையும், நம்மவர்கள் ஆகாயத்தில் கும்பத்தை ஏற்றியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசிக்கிறேன். முகப்பு மோகம் வெள்ளைக்காரனோடு கப்பலேறிவிட்டது என்று நம் எதிர்க்கட்சியார் நினைத்தால் அது சௌகரியமான நினைப்பு.

அரசாங்கம் காயப்பட்ட நிலையில் அட்டையில் தோன்றியது, நான் பார்த்தவரையில், ஒரே ஒரு தடவை. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் துறைமுகத்தை ஒட்டிய எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. குண்டு ஒன்று உயர்நீதிமன்றத்துச் சுற்றுச்சுவரையும் தொட்டது. அங்கே இன்றும் கல்வெட்டு இருக்கிறது. தொட்டிகளிலிருந்து புகை கிளம்பும் படங்கள் உடனே அட்டைகளாகிவிட்டன. அவற்றில் மட்டும் ஜனங்கள் இருக்கிறார்கள், வேடிக்கை பார்த்துக்கொண்டு. அந்த யுத்தத்தோடு ஜெர்மன் அச்சும் நின்றுபோயிற்று. அதற்குப் பின் வந்த சென்னை அட்டைகளின் நிறம் சோகையானது.

அட்டையில் வராத கட்டிடங்களையும் சொல்லவேண்டும். 2009இல் இடித்த மத்திய சிறை அரசாங்கத்துடையதுதான், 1837இல் கட்டியது, நகரத்தின் நடுவில் இருந்தது. பன்னிரண்டு வருஷத்தில் அதன் அட்டை ஒன்றுகூட என் கைக்கு வந்ததில்லை.

கடைசியாக, சேகரிப்பவர்களிடம் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. தபால்தலைக்காரர்கள் அட்டையைத் தண்ணீரில் ஊறப்போட்டுத் தலையை உரித்துக்கொள்கிறார்கள். மை கரைந்துவிடுகிறது. படத்துக்காரர்கள் சட்டம் போடும்போது முதுகில் பசை தடவி அட்டையில் ஒட்டிவிடுகிறார்கள். வருஷா வருஷம் கண்காட்சிகளில் பார்க்கிறேன். சேதி எழுதிய அட்டையை 'பழுது' என்று விலை குறைத்தே விற்கிறார்கள் (எனக்கு அதில் லாபம் என்பது வேறு விஷயம்). ஆவணக் காப்பகங்களிலும் கணினியில் ஏற்றும்போது படப் பக்கத்தை மட்டும் ஏற்றிவிட்டு வேலையை முடித்துவிடுகிற வழக்கம் இருக்கிறது. 1902இல் போட்ட கோட்டின் காரியத்தை இவர்கள் எல்லாரும் சேர்ந்து பூர்த்தி செய்துகொண்டிருக்கிறார்கள்.

எழுதப்பட்ட முதுகுகளை நான் ஒரு நோட்டில் பிரதி எடுத்துவருகிறேன். இதுவரை படிக்க முடிந்தவை எழுபத்து மூன்று. படத்திலுள்ள கட்டிடத்தைப் பற்றி ஏதாவது சொல்பவை ஐந்து. அவற்றில் நான்கு அந்தப் பெருக்கல் குறிக்காரர்கள். தமிழ் அட்டைகள் ஒன்பதில் பணம் எட்டில் வருகிறது. முகவரிகளையும் பெயர்களையும் நீக்கிவிட்டு இவற்றில் பத்தை அடுத்த இதழுக்குத் தரச் சம்மதம், படங்கள் இல்லாமல் அச்சிடுவதானால். படம் இல்லாமல் யார் படிப்பார்கள் என்று ஆசிரியர் கேட்கிறார்.